எறவானத் தண்ணி

வா பேராண்டி, வா. வெயில்ல நின்னு பேசாதே, வேம்படிக்கு வா. கையில என்னது, கரும்பா? ஓகோ, பிளானா! தூரத்துல வாரப்பவே நெனச்சேன், பய வில்ல ஒடிச்சிட்டு வார ராமன் கணக்கா நிமுந்து நடக்கானேன்னு. சரி, விரி. இந்தக் கட்டில்லயே விரி. காத்துக்குச் சுருளாம ஒரு ஓரத்துல வெத்தலைப் பொட்டிய வை, மறு ஓரத்துல என் தடிக்கம்ப வை.

அடேயப்பா! இது வீடாலே? வாசல்ல பச்சைப் புல்லு. மாடியில கண்ணாடிக் கைப்பிடி. தெருவுல மூக்கு நீண்ட காரு. அந்தா ஒரு வெள்ளைக்காரி நாயப் புடிச்சிட்டு நடக்கா. அவ யாரு, மாடிக்கு வாடகைக்கு வரப்போறவளா? அந்த நாயி நம்ம தெருவுல ரெண்டு எட்டு வைக்கட்டும், பாப்போம். நம்ம தெரு நாயிக ஏழும் கூடி அதப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டு விட்டுட்டுத்தான் திரும்பும். இதுக்குப் பேரு என்னம்பே, த்ரீடி எலிவேசனா? இந்தப் படத்துக்கு மட்டும் தனியா எம்புட்டு வாங்கினான்? வேண்டாம், சொல்லாதே. எனக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு.

வீட்டக் கட்டிப்பாரு, கல்யாணத்தப் பண்ணிப்பாருன்னு நானும் ஆரம்பிப்பேன்னு பாக்கியா? மாட்டேன். அதச் சொல்லிச் சொல்லி ஊரே தேச்சுப்போட்டு. நான் கேக்கது வேற. நேத்து ராத்திரி போன்ல எங்கிட்ட முதக் கேள்வியா என்ன கேட்டே? "தாத்தா, நகராட்சியில யாரையாவது தெரியுமா?" அதான கேட்டே? பக்கத்துல எம்புட்டு இடம் விடணும்னு கேக்கல. மழைத்தண்ணி எங்கிட்டு ஓடும்னு கேக்கல. மண்ணு தாங்குமான்னு கேக்கல. ஆளு தெரியுமான்னு கேட்டே. சிங்கப்பூர்ல எல்லாம் சட்டப்படி நடக்குன்னு போன பொங்கலுக்கு அரை நாளு பேசுனதும் இதே வாயிதான?

தெரியும்டே. அங்க எனக்கு எல்லாரையும் தெரியும். வாசல்ல மனு எழுதுதவர்ல இருந்து மாடியில தண்ணிக் கேன் போடுத பய வரைக்கும் தெரியும். அவுகளுக்குத்தான் என்னத் தெரியாது.

முதல்ல காயிதத்தப் பேசுவோம். வீடு கட்ட செங்கல்லு வேணும், சிமிட்டி வேணும்னு நீ நெனச்சிருப்பே. முதல்ல வேண்டியது ஜெராக்ஸ். பத்திரம் கேப்பாக. பத்திரத்த நீட்டினா தாய்ப்பத்திரம் எங்கேம்பாக. பெத்த தாயி எங்க இருக்கா, காலையில சாப்பிட்டாளான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக. பெறகு வில்லங்கச் சான்று. வில்லங்கம் இல்லைன்னு காட்டுத காயிதத்துக்கு வில்லங்கம்னே பேரு வச்சவன் ரொம்ப அனுபவஸ்தன். வில்லங்கம் ஒண்ணும் இல்லாட்டா அதுல 'நில்'னு போட்டுருக்கும். இங்கிலீசுல நில்லுன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தமாம். நான் முத தடவ வாங்கினப்ப, என்னத்தான் நிக்கச் சொல்லுதாகன்னு வராண்டாவுல ஒரு மணி நேரம் நின்னேன்.

அடுத்தாப்ல பட்டா. அதுல பேரு சரியா இருந்தா நீ போன சென்மத்துல புண்ணியம் பண்ணவன். 1979-ல இருந்து ஏழெட்டு வருசம் நெலத்தயெல்லாம் திரும்பக் கணக்கெடுத்தாங்க, யு.டி.ஆர்.னு சொல்லுவாக. நல்ல காரியம்தான். ஆனா எழுதுதவன் பேனா ஒரு எடத்துல வழுக்குச்சின்னா என்ன ஆகும்? எங்க பெரியப்பா மகன் புஞ்சையில பக்கத்துப் புஞ்சைக்காரர் பேரு ஏறிப்போச்சு. அதச் சரி பண்ண அந்த மனுசன் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடைய வடக்க பாத்து நடந்திருந்தா, காசியில முங்கிட்டே திரும்பியிருக்கலாம்.

இப்பம் எல்லாம் போன்லயே பாக்கலாங்கே. பாக்கலாம்தான். 'எங்கிருந்தும் எந்நேரமும்'னு அரசாங்கமே அதுக்குப் பேரு வச்சிருக்கு. பட்டா, புலப்படம், நகர நில அளவைப் பதிவேடு எல்லாம் வீட்ல காலாட்டிக்கிட்டே எடுக்கலாம். வசதி இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிப்போகும். முன்ன எல்லாம் தப்பு இருக்குன்னு தெரியவே ஆறு மாசம் ஆகும். இப்பம் ஆறு நிமிசத்துல தெரிஞ்சுபோகுது. திருத்ததுக்குத்தான் பழைய ஆறு மாசம் அப்படியே இருக்கு.

சரி, இடம் எம்புட்டு? நாலு சென்ட்டா? ஒரு சென்ட்டு 435.6 சதுர அடி. உன் பத்திரத்துல 1,742 சதுர அடின்னு எழுதியிருப்பாக. பட்டாவுல பாத்தா ஹெக்டேர், ஏர். அதுல உன்னது 1.62 ஏர். பிளான்ல அதே இடம் 162 சதுர மீட்டர். கொத்தனார் அடியில பேசுவாரு. கம்பிக்காரர் மில்லியில பேசுவாரு. டைல்ஸ் கடைக்காரன் பெட்டிக் கணக்குல பேசுவான். உங்க ஆச்சி முழத்துல பேசுவா. இவுக எல்லாரும் ஒரே எடத்தத்தான் சொல்லுதாகளான்னு நீ நடுவுல நின்னு முழிப்பே. இதுக்கு மேல சர்வேயர் வந்து அளந்தா புதுசா ஒரு கணக்கு வரும். எங்க வீட்டு மனைய அளக்க வந்தப்ப மூலைக் கல்லக் காணோம்னு ஒரு பகல் பூரா தேடினாக. நான் ஒண்ணும் பேசாம வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தேன். சாயந்தரம் போகும்போது, பக்கத்து வீட்டு அம்மா துணி தொவைக்குத கல்லக் கவுத்துப் பாருங்கன்னேன். கவுத்தாக. குறி போட்ட அளவைக் கல்லு! பதினெட்டு வருசமா அது மேலதான் அடிச்சுத் தொவைச்சிருக்கா. காலையிலயே சொல்லியிருக்கலாமேங்கியா? காலையில அந்த அம்மா எனக்குக் காப்பி கொடுத்தாளே!

இது என்ன, படத்துல நாலு மூலையிலயும் பென்சில்ல எழுதியிருக்கு? வாஸ்துவா? எஞ்சினியர் போட்ட படத்த வாஸ்துக்காரர் திருத்தியிருக்காராக்கும். அக்கினி மூலையில அடுப்பு, ஈசானியத்துல தண்ணித் தொட்டி, கன்னி மூலையில நீ படுக்க, வாயு மூலையில கக்கூசு. சரிதான். தென்கிழக்குல அடுப்ப வச்சா காலை வெயிலு வரும். அதுல குத்தமில்ல. ஆனா தெரு எந்தப் பக்கம் இருக்கு, சாக்கடை எந்தப் பக்கம் ஓடுதுன்னு அவரு பாத்தாரா? சாக்கடை தென்கிழக்குல ஓடுது. வடமேற்குல இருந்து கக்கூசுத் தண்ணிய வீட்டு அடியில உருட்டி அடுப்பங்கரை வழியாக் கொண்டுபோயி விடப்போறே. குழாய் அடைச்சுக்கிட்டா எந்த மூலையத் தோண்டுவே?

வாஸ்து புருசன் சங்கதி உனக்குத் தெரியுமோ? பஞ்சாங்கத்தப் பாரு. அவரு தூக்கத்துல கெடக்குதவரு. வருசத்துல எட்டு மாசத்துல, மாசம் ஒரு நாளு முழிப்பாரு. அன்னைக்கும் ஒண்ணரை மணி நேரந்தான். அதுல பல்லு வெளக்கணும், குளிக்கணும், பூசை பண்ணணும், சாப்பிடணும், தாம்பூலம் போடணும். அம்புட்டுதான், திரும்பப் படுத்துருவாரு. நம்ம சனம் அந்தத் தாம்பூல நேரத்தக் காத்துக் கெடந்து பூசை போடுது. அதே ஆளு ஆபீசுல சீட்டுக்காரர் மதியம் அரை மணி நேரம் எந்திரிச்சுப் போயிட்டார்னா, இந்த நாடு உருப்படாதுங்கான்.

மனையடி சாஸ்திரம் வேறயா? எட்டடி நல்லது, ஒம்பதடி ஆகாது, பத்தடி நல்லது, பன்னெண்டு ஆகாதுன்னு எழுதி வச்சிருக்கு. நீ என்ன பண்ணியிருக்கே? பன்னெண்டடி ரூமப் பதினொண்ணாக் கொறைச்சிருக்கே. கட்டிலு, பீரோ, ஏ.சி. எல்லாம் வச்சா ஆளு நுழைய வழி இருக்காது. நடக்க எடமில்லாத ரூமுல எந்தச் செல்வம்டே வந்து குந்தும்? நான் சாஸ்திரத்தப் பழிக்கல. அத எழுதுன காலத்துல பீரோ கிடையாது.

சரி, அந்தா அந்தப் புள்ளிக் கோடு என்ன? வீட்டச் சுத்தி வெறும் இடமாக் காட்டியிருக்கே, அது. செட்பேக்கா? முன்னால இம்புட்டு, பின்னால இம்புட்டு, பக்கத்துல இம்புட்டுன்னு காலியா விடணும். நல்லாத்தான் விட்டுருக்கே. விடுவியா?

சிரிக்கியே. எனக்குத் தெரியும்லே. அந்தச் சுருளுக்குள்ள இன்னொரு சுருளு இருக்கு. எடு வெளிய. வெக்கப்படாதே, எடு. ஆங், இதுதான் கட்டப்போற வீடு. முதல்ல காட்டுனது அப்ரூவல் பிளான், இது ஒர்க்கிங் பிளான். ஒரு புள்ளைக்கு ரெண்டு ஜாதகம். பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. இதுல பக்கத்து இடத்துல குளியலறை வந்துட்டு. பின்னால இருந்த காலியில வேலைக்காரிக்குப் பாத்திரம் வெளக்க ஷெட்டு. முன்னால காரு ஷெட்டு, அதுக்கு மேல பால்கனி, பால்கனிக்கு மேல இன்னொரு எட்டு நீட்டி சன்சேடு. இன்னும் நாலு அங்குலம் விட்டா பக்கத்து வீட்டுக்காரர் சுவத்துல உன் வீட்டுக் காலண்டர மாட்டலாம்.

ஒனக்கு ஒரு கதை சொல்லுதேன், கேளு. கதையில்ல, நடந்தது. எங்க தாத்தா இந்த எடத்துல வீடு கட்டினப்ப ஓட்டு வீடு. பனங்கை வாரி, நாட்டு ஓடு. வானம் தோண்டுறதுக்கு முன்னால என்ன பண்ணாருங்கே? ஒரு மழைக்குக் காத்திருந்தாரு. மழை பெஞ்ச அன்னைக்குக் கோணிய மடிச்சுத் தலையில கவுத்துக்கிட்டு வெறும் மனையில போயி நின்னாரு. தண்ணி எங்கிட்டு இருந்து வருது, எங்கிட்டுப் போகுதுன்னு பாத்தாரு. அது போற தடத்துல சுண்ணாம்பு போட்டாரு. அம்புட்டுதான் அவரோட பிளானு. பெறகு எறவானத்துத் தண்ணி அடுத்தவன் சுவத்துல சொட்டக் கூடாதுன்னு ஒரு முழம் உள்ள தள்ளிச் சுவரு வச்சாரு. முடுக்குல வண்டி திரும்ப இடம் விட்டாரு. அப்புறம் இன்னொண்ணுக்கும் விட்டாரு. அத நான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். "எதுக்கு தாத்தா இம்புட்டு அகலம்?" "நாலு பேரு என்னத் தோள்ல தூக்கிட்டுத் திரும்பணும்லடே."

அந்த ஒரு முழத்தத்தான் இப்பம் அரசாங்கம் மீட்டர்ல எழுதியிருக்கு. 2019-ல வந்த புத்தகம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். பேரச் சொல்லி முடிக்கதுக்குள்ள பாதி வானம் தோண்டிரலாம். எப்.எஸ்.ஐ., அது இதுன்னு நீ வாயில போட்டு மெல்லுதது எல்லாம் அதுலதான் கெடக்கு. மனை எம்புட்டோ அதப்போல ரெண்டு மடங்கு தளம் போட்டுக்கிடலாம்னு அந்தப் புத்தகத்துலதான் கூட்டிக் கொடுத்தாக, முன்ன ஒண்ணரை மடங்குதான். கூடக் கொடுத்த பெறகும் கைய நீட்டி அடுத்தவன் காத்தப் புடுங்குதியேன்னுதான் கேக்கேன். முன்ன வண்டி மாடு திரும்ப இடம், இப்பம் தீயணைப்பு வண்டி திரும்ப இடம். முன்ன பாடை, இப்பம் ஆம்புலன்சு. இதுல உனக்கு எது புரியல?

நான் யோக்கியன்னு நெனச்சுக்கிடாதே. அந்தா அந்தக் கோழிக்கூடு எந்தப் படத்துலயும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் நாலு தடவ சொல்லிப் பாத்தாரு. முட்டை கொடுத்துச் சமாளிச்சுக்கிட்டு இருக்கேன். உன் குளியலறைத் தண்ணிக்கு நீ என்னத்தக் கொடுத்துச் சமாளிப்பே?

மழைத்தண்ணின்னதும் ஞாபகம் வருது. 2003-ல ஜெயலலிதா முதலமைச்சரா இருந்தப்ப, எல்லா வீட்டுலயும் மழைநீர் சேகரிப்பு வைக்கணும்னு கண்டிப்பா உத்தரவு போட்டாக. கெடு வச்சாக. அடேயப்பா, அந்த வருசம் பி.வி.சி. குழாய்க் கடைக்காரன் மூஞ்சியில வந்த களைய நீ பாத்திருக்கணும். நம்ம தெருவுல ஒரு வாத்தியார். மட்டப்பாவுல இருந்து குழாய எறக்கினாரு, சுவத்தோட சேத்து கிளாம்பு அடிச்சாரு, தரைக்கு ஒரு அடி மேலயே நிறுத்திட்டாரு. கீழ குழி கிடையாது, ஜல்லி கிடையாது, மணலும் கிடையாது. ஏன் சார்னு கேட்டேன். பாக்க வாரவுக குழாயத்தான் பாப்பாக, குழியவா பாப்பாகன்னாரு. அவரு சொன்னபடிதான் நடந்துச்சு. குழாயப் பாத்தாக, எழுதினாக, போனாக. ஆனா அந்தத் திட்டத்தக் குத்தம் சொல்லாதே. ஒழுங்காக் குழி வெட்டுனவன் கிணத்துல மறுவருசம் தண்ணி ஏறிச்சு. வாத்தியார் இன்னைக்கும் லாரித் தண்ணிதான் வாங்குதாரு. குழாயி மட்டும் பளபளன்னு இருக்கு. உன் பிளான்லயும் ஒரு வட்டம் போட்டு மழைநீர்த் தொட்டின்னு எழுதியிருக்கு. ரெண்டாவது சுருள்ல அதத் தேடுதேன். காணோமே? ஓ, அது மேலதான் காரு நிக்குதோ!

மனையாவது அப்ரூவல் மனையா? பரவாயில்ல, அந்த மட்டுக்கும் புத்தி இருந்துருக்கு. ஒரு காலத்துல புஞ்சைக் காட்டுல நாலு கல்ல நட்டு, கலர் கொடியக் கட்டி, வேன் வச்சுக் கூட்டிட்டுப் போயி சாம்பார் சாதம் போட்டு வித்தான். பஸ் ஸ்டாண்டுக்கு அஞ்சு நிமிசம்பான். எதுல போனா அஞ்சு நிமிசம்னு சொல்லமாட்டான். 2016 செப்டம்பர்ல ஹைகோர்ட்டு, அங்கீகாரம் இல்லாத மனையப் பதியக் கூடாதுன்னு ஒரு போடு போட்டுச்சு. ஊரே ஸ்தம்பிச்சுப் போச்சு. பெறகு 2017-ல வரன்முறைப்படுத்த வழி பண்ணாக. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால பதிஞ்சிருந்தா பணத்தக் கட்டிச் சரி பண்ணிக்கிடலாம்னு. அந்த வரிசையில நின்னவுகளக் கேட்டுப் பாரு, அந்தச் சாம்பார் சாதம் எம்புட்டு வெலைன்னு சொல்லுவாக.

அப்பம் உனக்கு வேலை சுளுவுதான். 2024 ஜூலையில இருந்து சுயசான்றுன்னு ஒண்ணு வந்துருக்குல்லா. வந்தப்ப வச்ச அளவு, மனை 2,500 சதுர அடிக்குள்ள, கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ள, கீழ ஒண்ணு மேல ஒண்ணு, உசரம் ஏழு மீட்டருக்குள்ள. கம்ப்யூட்டர்ல ஏத்து, பணத்தக் கட்டு, அனுமதி உடனே கையில. பரிசீலனைக் கட்டணம் கிடையாது. முன்னால வந்து இடத்தப் பாக்கதும் கிடையாது. கட்டி முடிச்ச பெறகு முடிவுச் சான்று வேணும்னு அலையவும் வேண்டாம். எனக்கு 86-ல நாலு மாசம் ஆச்சு, ஒரு நீலத் தாளுக்கு. அந்தத் தாளுல அமோனியா வாடை அடிக்கும். அத மோந்து மோந்தே உங்க ஆச்சிக்குத் தலைவலி.

ஆனா அந்தப் பேரக் கொஞ்சம் யோசிச்சுப் பாத்தியா? சுயசான்று. யாரு சான்று? நீ. எதுக்குச் சான்று? உனக்கு. இதுவரைக்கும் என்ன வசதி இருந்துச்சு தெரியுமா? எது கோணலாப் போனாலும் டவுன் பிளானிங் இன்ஸ்பெக்டரத் திட்டலாம். அவரு வந்து பாத்தாரு, கையெழுத்துப் போட்டாரு, அவரக் கேளும்பே. இப்பம் கையெழுத்து உன்னது. பொய்யா எழுதியிருந்தா அனுமதி ரத்து. திட்டணும்னா கண்ணாடியப் பாத்துத்தான் திட்டணும். அரசாங்கம் கில்லாடிடே. திருடன் கையிலயே சாவியக் கொடுத்து, வீட்டப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போயிட்டு. உனக்கு இப்பம் தூக்கம் வருதா?

பாத்தியா, மூஞ்சி மாறுது. இதுக்குத்தான் ஆளு தெரியுமான்னு கேட்டியோ? உனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய ஆளு ஒருத்தர்தான். பக்கத்து வீட்டுக்காரர். அவரு பேரு தெரியுமா உனக்கு? தெரியாது. இங்க நெலம் வாங்கி ரெண்டு வருசமாச்சு, அந்த மனுசன் வீட்டுல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சியா? இல்ல. குடிச்சிருந்தா, மழைக் காலத்துல உன் மனையில மொழங்கால் தண்ணி நிக்கும்னு அவரே சொல்லியிருப்பாரு. கணினியில அதுக்கு ஒரு கட்டம் கிடையாது.

பணம் கட்டுத சீட்டக் காட்டு. இது எதுக்கு வட்டம் போட்டுருக்கே? தொழிலாளர் நல நிதி. கட்டட மதிப்புல நூத்துக்கு ஒண்ணு. இது அநியாயங்கியா? ஏலே, சாரத்துல இருந்து விழுந்த சித்தாளு வீட்டுக்குப் போகுத காசுடே அது. மத்ததுல எது வேணும்னாலும் வட்டம் போடு, பேசுவோம். காலி மனை வரி பாக்கியாக் கெடந்தா மொணங்கு, நானும் சேந்து மொணங்குதேன். இதுல மொணங்காதே. அந்த வெள்ளைக்காரிக்கும் நாயிக்கும் கொடுத்தேல்ல, அப்ப எங்க போச்சு கணக்கு?

இப்பம் முக்கியமானதுக்கு வாரேன். உன் பிளான்ல ஜன்னலு எத்தன, கதவு எத்தன, டி.வி. எந்தச் சுவத்துலன்னு எல்லாம் இருக்கு. மண்ணு எங்க இருக்கு? இது கரிசல்டே. செம்மண்ணு இல்ல. மழை பெஞ்சா ஊதும், வெயிலடிச்சா சுருங்கி வாயப் பொளக்கும். சித்திரையில காட்டுப் பக்கம் போனா வெடிப்புக்குள்ள என் தடிக்கம்பு முழுசா எறங்கும். ஊதுறப்ப சுவத்தத் தூக்கும், சுருங்குறப்ப கைவிடும். மொசைக்கு போட்டவன் வீட்டுலயும் விரிசல், கிரானைட்டு போட்டவன் வீட்டுலயும் விரிசல். எங்க காலத்துல ஆளு ஆழத்துக்குத் தோண்டி, கரிசலத் தாண்டி ஓடை மண்ணு தட்டுப்படுத வரைக்கும் போவோம். தோண்டுன குழியில ஆத்து மணலப் போட்டுத் தண்ணி விட்டு மிதிப்போம். இப்பம் அதுக்கு எஞ்சினியர்க கீழ அகண்ட பைலு போடுதாக, அடியில குடம் மாதிரி வீங்கியிருக்கும், மண்ணு எம்புட்டு ஊதினாலும் தூக்க முடியாது. நல்ல வேலை. ஆனா அது மண்ணுக்கு அடியில போயிரும், வாரவன் போறவன் கண்ணுல படாது. அதனால உன் பட்ஜெட்டுல அதுக்கு எடமில்ல. கண்ணாடிக் கைப்பிடிக்கு இருக்கு.

மண்ணப் பரிசோதனை பண்ணச் சொல்லு உங்க எஞ்சினியர. அதுக்கு ஆகுத செலவு உன் பால்கனி லைட்டு செலவு கூட வராது. பெறகு இந்த ரெண்டாவது சுருள அடுப்புல வையி. வேண்டாம், ஆச்சிட்டக் கொடு, அப்பளம் காயப்போட நல்லாருக்கும். குளியலறைய உள்ள இழு. பால்கனிய ரெண்டு முழம் குறை. அங்க நின்னு நீ என்னத்தப் பாக்கப்போறே? எதுத்தாப்ல ரேசன் கடை. புல்லு வேண்டாம். வாரத்துக்கு ஒருக்க வருத நகராட்சித் தண்ணியில புல்லு குடிக்குமா, நீ குடிப்பியா? அந்த எடத்துல ஒரு வேம்பு வை. கண்ணு நான் தாரேன், இந்தா இதுக்கடியிலயே நாலு மொளைச்சு நிக்கு.

ஒரு மழைக்குப் பொறு. ஐப்பசி வரட்டும். கோணி என்கிட்ட இருக்கு. ரெண்டு பேரும் போயி உன் மனையில நின்னு பாப்போம். போற வழியில பக்கத்து வீட்டுக்காரருக்கு நாலு முட்டையும் எடுத்துக்கிடுவோம், உபயம் என் கோழி.

சரி, சுருட்டு. அந்தத் தடிக்கம்ப இப்படிக் கொடு. ஆமா, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். இம்புட்டு ரூமு போட்டுருக்கே, மாஸ்டர் பெட்ரூம், கிட்ஸ் ரூம், ஹோம் தியேட்டர்னு. திண்ணை எங்கடே? இல்லையா? விடு. முன்னால காலியா விடணும்னு சட்டம் சொல்லுதுல்லா, அந்த எடம் எம்புட்டு அகலம்? என் கட்டிலு ஆறேகால் அடி நீளம், மூணடி அகலம். வேம்பு நெழல் தட்டுனதும் நானே தூக்கிட்டு வந்துருதேன். செட்பேக்குல கயித்துக் கட்டிலு போடலாமா கூடாதான்னு மட்டும் உங்க எஞ்சினியர்ட்டக் கேட்டுச் சொல்லு. கூடாதுன்னா சொல்லு, கோழிக்கூட்ட எடுத்துட்டு அங்கேயே போட்டுக்கிடுதேன்.